சாளரத்துக்கு வேலி கட்டுவோர்

ஊர்ப் பொதுவழியின் குறுக்கே ஒருவன் முள்வேலி கட்டுகின்றான். "இவ்வழியை யானே கண்டேன்; இனி இதில் நடப்போர் எனக்குக் காசு தருதல் வேண்டும்" என்கின்றான். அவ்வழியைக் கல்லும் முள்ளும் அகற்றித் தடமாக்கியவர் அவனுக்கு முன்னே நடந்த நூறு பேர். அவனும் அத்தடத்தின்மேல் நடந்து வந்தவனே. ஆயினும் வேலி அவனது. அரசின் பொறியிட்ட ஓலையும் அவன் கையில் உள்ளது. நடந்து பழகிய ஊரார் திகைத்து நிற்கின்றனர்.

இது புனைகதை அன்று. கணிப்பொறித் திரையின்மேல் 1980-களிலிருந்து நடந்துவரும் வழக்குகளின் சாரம் இதுவே!

இற்றைநாளில் கணிப்பொறியின் முன் அமரும் சிறுவனும் செய்யும் செயல்களை எண்ணிப் பார்க்க. கையடக்கமான சுட்டியை மேசைமேல் நகர்த்துகின்றான். திரையில் சிறு அம்பு நகர்கின்றது. படவுரு ஒன்றின்மேல் அம்பை நிறுத்தி அழுத்துகின்றான். சாளரம் ஒன்று திறக்கின்றது. அதன்மேல் இன்னொரு சாளரம் படிகின்றது. பட்டியல் ஒன்றை இறக்கி, வேண்டிய கட்டளையைத் தேர்கின்றான். எழுத்தை வெட்டி வேறிடத்தில் ஒட்டுகின்றான். மாந்தனும் பொறியும் பேசிக்கொள்ளும் இந்நிலைக்களத்தை வரைகலை இடைமுகம் என்பர். இது கையும் கண்ணும் பேசும் ஒரு மொழி. தமிழ் இலக்கணம் அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டு என்று வகுத்தது. 'அது', 'இது' என்று சுட்டுதல் பேச்சின் தொடக்கம். திரையில் அம்பு நகர்வதும் அத்தகைய சுட்டே. அச்சுட்டை ஒரு வணிக நிறுவனம் தன் தனியுடைமை என்று கூறுமாயின், அறிவுடையார் அதனை ஏற்பரோ?

நூல் மூவகை

ஒரு படைப்பின் தகுதியை அளப்பதற்குத் தமிழ்ப் புலவர்கள் ஓர் அளவுகோலை வைத்துச் சென்றனர். முதனூல், வழிநூல், சார்புநூல் என நூலை நன்னூலார் மூன்றாகப் பகுத்தார். வழிநூல் செய்தல் இழிவென்று எவரும் கூறவில்லை. முன்னோன் நூலைத் தொகுத்தும் விரித்தும் மொழிபெயர்த்தும் செய்வதனைத் தொல்காப்பியமும் முறையென்றே ஒப்புக்கொண்டது. ஆனால், வழிநூல் செய்வோன் தான் யார் வழியில் வந்தான் என்பதனைக் கூறுதல் வேண்டும். தொல்காப்பியரே தம் நூல் நெடுகிலும் 'என்ப' என்றும், 'மொழிப' என்றும் முன்னைப் புலவரைச் சுட்டிச் செல்கின்றார். அத்துணைப் பேராசான் தமக்கு முன்னிருந்தாரை மறைக்கவில்லை; எழுத்துக்கும் சொல்லுக்கும் வேலியிடவும் இல்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு கணிப்பொறித் திரையின் வரலாற்றை அளந்து பார்த்தல் வேண்டும். அப்பொழுது எது முதனூல், எது வழிநூல், எது களவு என்பது வெளிப்படும்.

முதனூல் செய்தோர்

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழினுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் மாணவர் தம் ஆய்வுப் பட்டத்திற்காக ஒரு நிரல் எழுதினார். அற்றை நாளில் கணிப்பொறியோடு பேசுவோர் துளையிட்ட அட்டைகளை அதற்கு ஊட்டி, விடை வரும்வரை காத்திருந்தனர். சதர்லாந்தோ ஒளிப்பேனா ஒன்றைத் திரைமேல் வைத்துக் கோடு வரைந்தார். வரைந்த கோட்டைப் பிடித்து இழுத்தார். அது வளைந்து கொடுத்தது. திரையில் தோன்றும் பொருளைக் கையால் தொட்டு ஆளலாம் என்பதற்கு அது முற்சான்றாயிற்று.

அவருக்குப்பின் தக்ளசு எங்கெல்பார்ட்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் பிலிப்பைன் தீவில் கடற்படைப் பணியிலிருந்த இளைஞர் இவர். வேனிவர் புசு என்னும் அறிவியலார் 1945-இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தார். பெருகிவரும் அறிவைத் தேடி எடுக்கவும் ஒன்றோடொன்று பிணைக்கவும் ஒரு பொறி வேண்டும் என்பது அக்கட்டுரையின் கருத்து. அக்கருத்து அவர் நெஞ்சில் விதையாயிற்று. இசுடான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் எண்ணியதனை 1964-இல் பில் இங்கிலீசு என்பார் கருவியாகச் செய்தார். மரப்பேழை ஒன்று, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உருளைகள், மேலே ஓர் அழுத்தி. இதுவே முதற் சுட்டி. 1968-ஆம் ஆண்டு திசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிசுகோ நகரில், கணிப்பொறியாளர் பேரவையொன்றில், தொண்ணூறு நிமையம் எங்கெல்பார்ட்டு தம் பொறியை இயக்கிக் காட்டினார். சுட்டி, திரையில் எழுதித் திருத்தல், ஓரிடத்தைத் தொட்டால் அதனொடு பிணைந்த வேறிடம் தோன்றல், தொலைவிலுள்ளாரோடு ஒரே திரையில் பணியாற்றல் அனைத்தும் அன்றே அரங்கேறின. அதற்குப் பொருளுதவி செய்தவை அமெரிக்க அரசுத் துறைகள். அஃதாவது மக்கள் செலுத்திய வரிப்பணம்.

இவர்தாமும் தனியர் அல்லர். உருளும் பந்தால் திரைக்குறியை நகர்த்தும் கருவியை 1946-இலேயே பிரித்தானியக் கடற்படைக்காக இரால்பு பெஞ்சமின் அமைத்திருந்தார். போர்த்துறை அதனை மறைவாக வைத்துக்கொண்டது. 1952-இல் கனடா நாட்டுப் பொறியாளர்கள் விளையாட்டுப் பந்து ஒன்றையே வைத்து அத்தகைய கருவி செய்தனர். எங்கெல்பார்ட்டின் அரங்கேற்றத்திற்குச் சில கிழமைகள் முன்னர்ச் செருமானியத் தெலிபுங்கன் நிறுவனம் பந்துச் சுட்டி ஒன்றை வெளிப்படுத்தியது. அந்நாட்டில் அதற்குக் காப்புரிமை கேட்டபோது, தனிக் கண்டுபிடிப்பு என்னும் அளவிற்கு அஃது உயர்ந்ததன்று என்று மறுக்கப்பட்டது. ஒரே கருத்து நான்கு நாடுகளில் நான்கு கைகளில் அரும்பியது. காலம் கனிந்தால் கருத்தும் கனியும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எங்கெல்பார்ட்டின் சுட்டிக்கு 1970-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அவ்வுரிமை அவர் பணியாற்றிய நிறுவனத்திற்குச் சென்றது. அந்நிறுவனம் பின்னாளில் ஏறத்தாழ 40,000 தாலருக்கு ஆப்பிள் நிறுவனத்திற்கு இசைவு வழங்கியதாக எங்கெல்பார்ட்டே கூறியுள்ளார். உலகின் ஒவ்வொரு மேசைமேலும் சுட்டி வந்து அமரும் காலத்தில் அக்காப்புரிமையின் காலமும் முடிந்தது. கண்டவருக்கு அதன்வழி உரிமத்தொகை ஏதும் வரவில்லை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்பாளனைக் காப்பது என்று முழங்குவோர் இந்த ஒன்றனை முதலில் விளக்கட்டும்!

வழிநூல் செய்தோர்

1970-இல் செராக்சு நிறுவனம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஆராய்ச்சி நடுவம் ஒன்றை அமைத்தது. எங்கெல்பார்ட்டிடம் பணியாற்றியோர் சிலரும் அங்குச் சென்றனர். 1973-இல் அங்கே 'ஆல்டோ' என்னும் கணிப்பொறி பிறந்தது. அதன் திரை தாளைப் போல நெட்டையாக இருந்தது. திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஏற்றவும் அணைக்கவும் இயன்றது. ஆலன் கே, தான் இங்கால்சு, அடேல் கோல்டுபெர்க்கு ஆகியோர் சிறுவரும் ஆளத்தக்க கணிப்பொறி வேண்டும் என்று உழைத்தனர். ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்களும், அழுத்தியவிடத்தே தோன்றும் பட்டியல்களும் அவர்தம் பணியில் உருவாயின. இலாரி தெசுலரும் திம் மோட்டும் பாடநூல் வெளியீட்டார் ஒருவரின் பதிப்பாசிரியர்களுக்காக ஓர் எழுத்து நிரலை ஆக்கினர். வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்று இன்று உலகே ஆளும் முறை அங்கே நிலைபெற்றது. அம்முறைக்கு அவர்கள் தேடிய முன்மாதிரியும் புதிதன்று. கத்தரிக்கோலும் பசையும் வைத்துத் தாளை வெட்டி ஒட்டிப் படி திருத்திய பதிப்பாசிரியரின் கைப்பழக்கமே திரைக்கு ஏறியது.

1981-இல் செராக்சு 'இசுடார்' என்னும் கணிப்பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அலுவலக மேசை, கோப்பு, கோப்புறை ஆகியவற்றைப் படவுருக்களாகக் காட்டியது அது. ஆனால் ஒரு பொறியின் விலை 16,595 தாலர்! வாங்குவார் அரியராயினர். விரித்தலும் தொகுத்தலும் செராக்சு நடுவத்தார் செய்த பெரும்பணி. மக்கள் கையில் சேர்ப்பது அந்நிறுவனத்தால் இயலவில்லை.

சேர்த்தவர் ஆப்பிள் நிறுவனத்தார். 1979-ஆம் ஆண்டின் இறுதியில் இசுடீவ் சாப்சும் அவர்தம் பொறியாளரும் பாலோ ஆல்டோ நடுவத்துக்குச் சென்று அங்குள்ளவற்றைக் கண்டனர். அதற்கு ஈடாக, ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வருமுன்னரே அதன் 1,00,000 பங்குகளை ஏறத்தாழ 10 இலக்கம் தாலருக்கு வாங்கிக்கொள்ள செராக்சுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. கண்டதனைக் காட்டுதல் கூடாதென்று அடேல் கோல்டுபெர்க்கு தடுத்தும், மேலிடத்தார் கட்டளையால் காட்ட நேர்ந்தது. தெசுலரே பின்னர் ஆப்பிளில் சேர்ந்தார்.

ஆப்பிள் நிறுவனம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது பொய்யாகும். பொய்யால் மெய்யை நிறுவ வேண்டுவதில்லை. திரையின் மேல்விளிம்பில் நிலையாக நிற்கும் பட்டியலும், அதிலிருந்து இழுத்து இறக்கும் முறையும் ஆப்பிளின் ஆக்கங்கள். படிந்த சாளரங்களின் மறைந்த பகுதிகளை விரைந்து வரைந்து காட்டும் கணக்கைப் பில் அட்கின்சன் தம் மதியால் அமைத்தார். 1983-இல் 'இலிசா', 1984-இல் 'மாக்கின்டாசு' என்னும் பொறிகள் வெளிவந்தன. மாக்கின்டாசின் விலை 2,495 தாலர். எட்டாக்கனி கைக்கெட்டும் உயரத்திற்கு வந்தது. நல்ல வழிநூல்! அவ்வளவில் நின்றிருந்தால் அவர்களைப் பாராட்டிவிட்டு அமையலாம்.

வேலி எழுந்தது

நின்றாரல்லர். வழிநூல் செய்தவர் அதனை முதனூல் என்றனர். பின் வேலியும் கட்டினர். 1985-இல் திசிட்டல் ரிசர்ச்சு என்னும் நிறுவனம் 'செம்' என்றொரு இடைமுகத்தை வெளியிட்டது. ஆப்பிள் வழக்கிடுவதாக மிரட்டியது. அஞ்சிய நிறுவனம் தன் மென்பொருளைத் தானே குறைத்துக்கொண்டது. அடுத்த பதிப்பின் முதன்மைத் திரையில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை. நகர்த்தவியலாத இரண்டு சாளரங்களே எஞ்சின. குப்பைத்தொட்டிப் படவுருவும் மறைந்தது. வழக்கு மன்றம் ஏறாமலே, ஒரு மிரட்டலால், விலைகொடுத்து வாங்கிய மக்களின் கையிலிருந்த ஏந்துகள் பறிக்கப்பட்டன! இதனால் எந்தப் புதுமை வளர்ந்தது?

1988-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆப்பிள் நிறுவனம் மைக்ரோசாப்டு மீதும் இயூலெட்டு பேக்கார்டு மீதும் வழக்குத் தொடுத்தது. திரையின் தோற்றமும் உணர்வும் தன்னுடையவை என்பது அதன் கூற்று. மைக்ரோசாப்டும் அறச்செம்மல் அன்று. அதனைப்பற்றிக் கீழே கூறப்படும். ஆயினும் ஆப்பிள் வைத்த கோரிக்கையே ஈண்டு ஆயத்தக்கது. 189 கூறுகளைத் தன்னுடையவை என்று அது பட்டியலிட்டது. அவற்றுள் 179 கூறுகளுக்கு 1985-இல் தானே எழுதிக்கொடுத்த உடன்படிக்கையில் இசைவளித்திருந்தது. எஞ்சிய பத்தும் பெரும்பாலும் எவரும் உரிமை கொண்டாடவியலாத பொதுக் கருத்துகள் என்று மன்றம் கண்டது. 1994-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. வரைகலை இடைமுகம் என்னும் கருத்துக்கும், அலுவலக மேசையை உவமையாகக் கொள்ளும் கருத்துக்கும் காப்புரிமை போன்றதொரு காவலை ஆப்பிள் பெறவியலாது என்பது அத்தீர்ப்பின் கரு.

இதற்கிடையே நகைப்பிற்குரிய மற்றொன்று நிகழ்ந்தது. 1989-ஆம் ஆண்டின் இறுதியில் செராக்சு நிறுவனம் ஆப்பிள் மீதே வழக்குத் தொடுத்தது! "எம் திரையைக் கண்டு செய்துவிட்டு உம்முடையது என்கின்றீரே" என்பது அதன் முறையீடு. 1990-இல் அவ்வழக்கின் பெரும்பகுதி தள்ளப்பட்டது. ஆப்பிளின் வேலிக்குப் பின்னால் செராக்சின் வேலி. அதற்குப் பின்னால் எங்கெல்பார்ட்டு. அவருக்குப் பின்னால் சதர்லாந்து. வேலியிடத் தொடங்கினால் எந்தக் கல்லில் முதல் முளையை அடிப்பது?

பட்டியலுக்கும் பூட்டு

அதே காலத்தில் மற்றொரு வழக்கும் நடந்தது. கணக்குத்தாள் மென்பொருள் விற்ற இலோட்டசு நிறுவனம், தன் கட்டளைப் பட்டியலின் சொற்களும் அவற்றின் அடுக்குமுறையும் தன் பதிப்புரிமை என்று 1990-இல் போர்லாந்து நிறுவனத்தின்மேல் வழக்கிட்டது. 'படியெடு', 'அச்சிடு', 'வெளியேறு' போன்ற ஏவற் சொற்களை இந்த அடுக்கில் வேறெவரும் வைத்தல் கூடாதாம்! ஆயிரக்கணக்கான கணக்கர்கள் அவ்வடுக்கைக் கற்று, அதன்மேல் தம் குறுநிரல்களை எழுதி வைத்திருந்தனர். அவர்தம் பயிற்சியும் உழைப்பும் இலோட்டசின் கொட்டிலில் கட்டப்படும் நிலை. கீழ்மன்றம் இலோட்டசின் பக்கம் நின்றது. 1995-இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை மாற்றியது. பட்டியல் என்பது பொறியை இயக்கும் முறை. இயக்கும் முறைக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. 1996-இல் அமெரிக்க உச்ச முறைமன்றத்தின் நடுவர்கள் நால்வர்க்கு நால்வராகப் பிரிந்து நின்றமையால் அத்தீர்ப்பே நிலைத்தது. ஓர் ஏவல் வினைமுற்றின் விடுதலை எத்துணை மெல்லிய நூலில் தொங்கியது, காண்க!

கணக்குக்கும் வரி

பதிப்புரிமைக் கதவு அடைபட்டதும் வேலிக்காரர்கள் காப்புரிமைக் கதவைத் தட்டினர். 1972-இல் அமெரிக்க உச்ச முறைமன்றம் வெறுங்கணக்கு முறைக்குக் காப்புரிமை இல்லையென்றிருந்தது. 1981-இல் வேறொரு வழக்கில் கதவு சற்றே திறக்கப்பட்டது. பின்னர் வெள்ளம் புகுந்தது.

காட்டிராக்கு என்னும் நிறுவனம் 1980-இல் பெற்ற காப்புரிமை ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒன்று அல்லது சுழி. சுட்டுக்குறியின் புள்ளிகளை அடியிலுள்ள புள்ளிகளோடு, 'இரண்டும் ஒத்தால் சுழி, வேறுபட்டால் ஒன்று' என்னும் கணக்கால் கலந்தால் குறி தோன்றும். அதே கணக்கை மீண்டும் ஒருமுறை செய்தால் குறி மறைந்து பழைய படம் மீளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சியார்சு பூல் வகுத்த ஏரணக் கணக்கின் வழிவந்தது இது. வகுப்பறையில் கரும்பலகையில் ஐந்து நிமையத்தில் விளக்கிவிடலாம். இதற்கும் ஒருவன் உடையவன்!

1999-இல் அமேசான் நிறுவனம் ஒரே அழுத்தலில் பொருள் வாங்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அடுத்த சில கிழமைகளில் போட்டிப் புத்தக வணிகர்மேல் வழக்கிட்டு, விற்பனை மிகும் திசம்பர்த் திங்களில் தடையாணையும் வாங்கியது. 2001-இல் மேல்மன்றம் அத்தடையை நீக்கியது; ஆயினும் காப்புரிமை 2017 வரை உயிரோடிருந்தது. வாடிக்கையாளன் "வழக்கம்போல் கணக்கில் எழுதிக்கொள்க" என்று கூறி அரிசி வாங்கும் மளிகைக் கடைக்காரர் எத்துணைக் காலமாகக் 'காப்புரிமை' மீறி வந்துள்ளாரோ!

பூட்டிய கைபேசியைத் திறக்கத் திரைமேல் விரலை ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு இழுக்கும் முறைக்கு ஆப்பிள் காப்புரிமை கொண்டது. ஆப்பிளின் கைபேசி 2007-இல் வருமுன்னரே சுவீடன் நாட்டு நியோநோடு நிறுவனத்தின் கைபேசி விரலிழுப்பால் திறந்தது. பிரித்தானிய மன்றம் 2012-இலும், செருமானிய உச்ச மன்றம் 2015-இலும் அக்காப்புரிமை செல்லாது என்றன. அமெரிக்க மேல்முறையீட்டு மன்றமோ 2016-இல் செல்லும் என்றது. ஓர் இழுப்பு மேற்கடலின் இப்புறத்தில் பொதுவுடைமை, அப்புறத்தில் தனியுடைமை. தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கதவுகளில் தாழ்ப்பாளை இழுத்துத் திறப்போர் இதனைக் கேட்டால் நகைப்பர்.

2011-இல் சாம்சங் நிறுவனத்தின்மேல் ஆப்பிள் தொடுத்த வழக்கில், கைபேசியின் புறவடிவத்தோடு, படவுருக்களை வரிசையாக அடுக்கிய தோற்றமும், பட்டியலின் கடைசியை எட்டியதும் திரை சற்றே இழுபட்டு மீளும் முறையும் உரிமைப்பொருள்களாகக் காட்டப்பட்டன. 2012-இல் நடுவர் குழு விதித்த தண்டம் ஏறத்தாழ 105 கோடி தாலர். மேன்மேலும் வழக்காடி, 2018-இல் 53.9 கோடி என்று ஒரு குழு கூற, அவ்வாண்டே இருவரும் இணங்கி முடித்தனர். யானைகள் பொருதால் மிதிபடுவது புல். கோடிகளைக் கொட்டி வழக்காட இருவரும் வல்லர். தன் வீட்டு மூலையில் அமர்ந்து நிரல் எழுதும் இளைஞன் எவ்வாறு வழக்காடுவான்?

சொல்லையே கவர்ந்தனர்

மைக்ரோசாப்டு அறச்செம்மல் அன்று என்று மேலே கூறப்பட்டது. செயலைக் கவர்ந்தோர் ஒருபுறமிருக்க, சொல்லைக் கவர்ந்தது அந்நிறுவனம். சாளரம் என்று பொருள்படும் ஆங்கிலப் பொதுச்சொல்லின் பன்மையாகிய 'விண்டோசு' என்பதனைத் தன் வணிகக்குறியாக்க அது முயன்றது. 1993-இல் அமெரிக்கப் பதிவகம் அது பொதுச்சொல் என்று மறுத்தது. 1995-இல் பதிவு செய்துகொடுத்தது. மைக்ரோசாப்டு தன் முதற்பதிப்பை வெளியிட்டது 1985-இல். அதற்குப் பல்லாண்டு முன்னரே செராக்சு நடுவத்தார் அச்சொல்லை ஆண்டுவந்தனர்.

2001-இன் இறுதியில் 'இலிண்டோசு' என்று பெயரிட்ட சிறு நிறுவனத்தின்மேல் மைக்ரோசாப்டு வழக்கிட்டது. தடையாணை கிடைக்கவில்லை. 1985-க்கு முன் அச்சொல் பொதுச்சொல்லாக வழங்கியதா என்பதனை நடுவர் குழு ஆராயவேண்டும் என்று மன்றம் கூறியதும் காற்று திசைமாறியது. 2004-இல் வழக்கிட்ட பெருநிறுவனமே சிறுநிறுவனத்திற்கு 2 கோடி தாலர் கொடுத்து, அது தன் பெயரை மாற்றிக்கொள்ளுமாறு செய்து வழக்கை முடித்தது. வெல்லும் உரிமை உடையான் விலைகொடுத்து விலகுவானோ? மொழியைத் தாயெனக் கருதுவோர்க்கு இவ்வொரு நிகழ்ச்சி போதும். ஒரு மொழியின் பொதுச்சொல் அம்மொழி பேசும் அனைவர்க்கும் உரியது. அதனை விற்பார்க்கும் உரிமையில்லை, வாங்குவார்க்கும் உரிமையில்லை.

மறுப்பார் கூற்றும் விடையும்

"உரிமை தராவிட்டால் எவன் உழைத்துப் புதியன காண்பான்?" என்று கேட்பர். மேற்கண்ட வரலாறே விடை. சதர்லாந்தின் கோடும், எங்கெல்பார்ட்டின் பிணைப்பும், ஆலன் கேயின் சாளரமும், தெசுலரின் வெட்டொட்டும் 1963 முதல் 1981 வரையுள்ள காலத்தில் தோன்றின. திரைச்செயல்களுக்குக் காப்புரிமை வேலி பெரிதும் எழாத காலம் அது. வேர் முழுதும் திறந்த நிலத்தில் ஊன்றியது. வேலி பின்னர் வந்து கனிக்கு விலை கேட்டது.

"அங்ஙனமாயின் பிறர் உழைப்பைத் திருடலாமோ?" என்பர். ஆகாது! ஒருவர் எழுதிய நிரலை வரிக்கு வரி படியெடுத்து விற்றல் களவே. ஒருவர் வரைந்த படவுருவை அப்படியே எடுத்தாளுதலும் களவே. நூலாசிரியனுக்கு அவன் நூலின்மேல் உரிமை உண்டு; நூல் எழுதப்பட்ட மொழியின் எழுத்துகள்மேல் இல்லை. வெண்பா இயற்றியவனுக்கு அவ்வெண்பா உரியது. வெண்பா என்னும் யாப்பு உரியதாகாது. சாளரம், பட்டியல், சுட்டல், இழுத்தல் ஆகியவை திரையின் யாப்பு. யாப்பை விற்க முனைவோன் புலவன் அல்லன், சுங்கக்காரன்.

தமிழர்க்கு இதனால் வருவது என்?

அயல்நாட்டார் வழக்கு தமிழர்க்கு எதற்கு என்று ஒதுக்குதல் அறியாமை. 1994-இல் ஆப்பிள் வென்றிருப்பின், 1996-இல் தொடங்கிய 'கேடிஇ', 1997-இல் தொடங்கிய 'குனோம்' ஆகிய திறந்த இடைமுகங்களை எழுதியோர் வழக்குக்கு அஞ்சிக் கைவிட்டிருப்பர். தன்னார்வலர் இலவயமாக எழுதி, எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்ட மென்பொருள்கள் அவை. அத்திறந்த கதவின் வழியே தமிழார்வலர் உட்புகுந்தனர். எந்த நிறுவனத்தின் இசைவையும் கேளாமல், ஊதியம் வேண்டாமல், பட்டியல்களையும் கட்டளைகளையும் தமிழில் எழுதினர். 'கோப்பு', 'திருத்து', 'சாளரம்' என்னும் தமிழ்ச்சொற்கள் திரையில் ஏறியதற்கு அயல்மண்ணில் முறிந்த வேலியும் ஒரு கரணியம். வணிக நிறுவனம் ஊதியம் கண்டால் தமிழைத் திரையில் வைக்கும், காணாவிடின் எடுக்கும். பொதுவழியில் நடப்போர்க்கு அவ்வச்சம் இல்லை.

இந்திய ஒன்றியத்தின் காப்புரிமைச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம், வெறும் கணிப்பொறி நிரல் கண்டுபிடிப்பாகாது என்று வரையறுத்தது. 2004-இன் இறுதியில் நாடாளுமன்றத்தைக் கேளாமலே பிறப்பித்த அவசர ஆணை ஒன்று அவ்வரம்பைத் தளர்த்தியது; எதிர்ப்பு எழவே, 2005-இல் நாடாளுமன்றம் அத்தளர்ச்சியை நீக்கியது. அதே ஆண்டு சூலை 6-ஆம் நாள் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருட் காப்புரிமைக்கு வழிவகுக்கும் வரைவை 648-க்கு 14 என்னும் வாக்குகளால் தூக்கியெறிந்தது. 2014-இல் அமெரிக்க உச்ச முறைமன்றமே, பழைய கருத்தொன்றைக் கணிப்பொறியில் ஏற்றியதனால் மட்டும் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று கூறியது. எனவே வேலி முறிக்கத்தக்கது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் முறிந்த வேலியை மீண்டும் நடுவோர் உறங்குவதில்லை. விரலசைவுக்கும் விழியசைவுக்கும் குரலுக்கும் இனிவரும் பொறிகள் செவிசாய்க்கும். அவ்வசைவு ஒவ்வொன்றனுக்கும் உரிமை கேட்டு ஒருவன் நிற்பான்.

ஆகலின் தமிழிளைஞர் செய்ய வேண்டுவன இரண்டு. ஒன்று, சட்டத்தின் அவ்வரம்பைத் தளர்த்த எவர் முனைந்தாலும் விழித்திருந்து எதிர்த்தல். மற்றொன்று, தாம் ஆக்கும் திரைகளைத் தமிழில் ஆக்கித் திறந்து வைத்தல். அவற்றில் தமக்கு முன் உழைத்தார் பெயரைத் தொல்காப்பியர் போல் மறவாது சுட்டுதல். சதர்லாந்தின் பெயரும் எங்கெல்பார்ட்டின் பெயரும் தமிழ்ப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறல் வேண்டும். சுட்டியைப் பிடிக்கும் ஒவ்வொரு தமிழ்ச் சிறுவனும் அம்மரப்பேழையைச் செய்தார் யார், அதனால் பொருள் ஈட்டினார் யார் என்னும் இரண்டனையும் அறிதல் வேண்டும். அறிந்தவன் வேலிக்கு அஞ்சான், வேலியும் கட்டான்!